தர்மலிங்கம் கொலையும் ஒரு புள்ளியும்

தர்மலிங்கத்தைக் கொன்றது யார் என்பது மட்டக்களப்பு மாவட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். அப்படிக் கொலையுண்ட தர்மலிங்கம் என்றொரு மனிதர் பிறக்கவே இல்லை என்பதும் எல்லாருக்கும் தெரியும். இந்த இரண்டும் தெரியாமல் இருந்தது ஆட்சேர்ப்புத் தராதரப் பணியகத்துக்கு மட்டும்தான். விசாரணை நடத்தும் அதிகாரம் பணியகத்திடம் இருந்தபடியால் கொலைக்கு முறைப்படி விசாரணை நடந்தது.

அந்த விசாரணையில் அகப்பட்டவள் நாவற்குடாக் கம்சாயினி. பட்டம் எடுத்தவள். சந்திக்குக் கிட்ட, போன் கதைக்கவும் போட்டோக்கொப்பி எடுக்கவும் ஆட்கள் வருகிற ஒரு கொமினிக்கேசன் கடையில் மற்றவர்களுக்கு வேலை விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது அவளுடைய பிழைப்பு. அவள் நிரப்பிய விண்ணப்பங்களால் எத்தனையோ பேர் உத்தியோகத்தராகி, கண்ணாடி போட்டு, அவளைச் சந்தியில் கண்டாலும் தெரியாத மாதிரிப் போகிற அளவுக்கு உயர்ந்துவிட்டார்கள். அவளுக்கு மட்டும் ஒன்றும் சரிவரவில்லை. அரச வேலைக்கு வயதெல்லை முப்பத்தைந்து. வருகிற ஆவணியோடு அவளுக்கு அது முடிகிறது. அதற்குமுன் வந்த கடைசிப் பரீட்சை, வாவி வள உத்தியோகத்தர் பதவிக்கானது.

கிடைத்தால் சம்பளம், பென்சன், மரியாதை. கிடைக்காவிட்டால் அவளுடைய புருசன் மதுரன் கட்டாருக்குப் போகவேண்டும். வாகனம் திருத்தும் கராச் வேலையில் வருகிற காசு அரிசிக்கும் பிள்ளையின் பால்மாவுக்கும் போதாது. ஏஜென்சிக்காரன் கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொண்டு, எப்போ எப்போ என்று போன் எடுத்தபடி இருந்தான். மதுரன், பொறுங்க அண்ணன், பெண்சாதிக்கு றிசல்ட் வரட்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தான். இவ்வளவும் ஒரு பரீட்சையில் தொங்கிக்கொண்டு கிடந்தது.

பரீட்சை நகரத்துப் பாடசாலை ஒன்றில் நடந்தது. நுண்ணறிவு வினாத்தாளின் கடைசிப் பக்கத்தில்தான் தர்மலிங்கம் செத்துக் கிடந்தார். வினா இதுதான்:

"தர்மலிங்கம் என்பவர் தம் வீட்டில் காலையில் கொலையுண்டு கிடந்தார். கதவுகள் யாவும் உட்புறமாகத் தாழிடப்பட்டிருந்தன. எனவே கொலையாளி அவ்வீட்டிலேயே வசிக்கும் ஓர் ஆண். தர்மலிங்கத்தின் மகனும் மகளும் மணமானவர்கள். சமையற்காரனும் தோட்டக்காரனும் மாலையில் தத்தம் வீடு சென்றுவிடுவர். கொலையாளி யார்? (அ) மகன் (ஆ) மருமகன் (இ) சமையற்காரன் (ஈ) தோட்டக்காரன்."

தரவு போதாது என்றொரு விடையைப் பணியகம் எந்த வினாவுக்கும் வைப்பதில்லை. வைத்தால் எல்லா வினாவுக்கும் அதுவே விடையாகிவிடும் என்ற பயம் அவர்களுக்கு இருந்திருக்கலாம்.

கம்சாயினிக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. இந்தப் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் மாப்பிள்ளை எடுப்பார்கள். ஆண்பிள்ளை கலியாணம் முடித்தால் பெண்சாதி வீட்டுக்குப் போய்விடுவான். பிறகு தாய்வீட்டுக்கு அவன் வருவது திருவிழாவுக்கும் செத்தவீட்டுக்கும்தான். அவளுடைய அண்ணன் சிவதர்ஷன் அப்படித்தான் கொக்கட்டிச்சோலைக்குப் போனான். அப்படித்தான் மதுரன் வாவியின் அந்தப் பக்கத்திலிருந்து நாவற்குடாவுக்கு வந்து, மாமனார் அழகரத்தினத்தோடு ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளிக்கொண்டிருக்கிறான். ஆகவே பூட்டிய வீட்டுக்குள் இருக்கிற ஆம்பிளை மருமகன்தான். அவள் (ஆ)வைக் கோடிட்டாள். கோடிடும்போது காலையில் தனக்கு இடியப்பம் வாங்கிவந்து தந்த மதுரனை நினைத்துக் கொஞ்சம் பாவமாகவும் இருந்தது.

றிசல்ட் வந்தது. தேறுவதற்கான வெட்டுப்புள்ளிக்கு ஒரே ஒரு புள்ளி குறைவு.

பரீட்சையில் அவளுக்குப் பின்கதிரையில் இருந்தவள் ஓட்டமாவடி முப்லிஹா. கம்பஸில் கூடப் படித்தவள். அவளுக்கும் ஒரு புள்ளி குறைவு. இருவரும் போனில் வினாத்தாளை வரி வரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அப்படியானால் பிழைத்தது எது என்று கேட்பதற்காகக் கம்சாயினி பணியகத்தின் மட்டக்களப்புக் கந்தோருக்குப் போனாள்.

கந்தோர் வாவிக்கரையில் ஒரு வாடகை வீட்டில் இருந்தது. கனடாவில் இருக்கிற யாரோ ஒரு பெண்ணின் சீதன வீடு. சாமியறை இருந்த இடத்தில் இப்போது உதவிப் பணிப்பாளர் தங்கராசா இருந்தார். களுவாஞ்சிக்குடியில் பிறந்து, கல்லடியில் பெண்சாதி வீட்டில் இருப்பவர். கம்சாயினி சொன்னதையெல்லாம் அவர் பொறுமையாகக் கேட்டார். மீள்பரிசீலனைக்கு விண்ணப்பிக்கலாம், ஆனால் அதற்குத் தகுந்த காரணம் காட்டவேண்டும் என்றார். விடை சரி என்பதுதான் காரணம் என்றாள் அவள். அந்தக் காரணத்துக்குப் பணியகத்தின் நடைமுறையில் இடமில்லை, சுகவீனம், பெயர்மாற்றம், இயற்கை அனர்த்தம் இந்த மூன்றில் ஒன்றைத் தெரிவுசெய்யும்படி கேட்டுக்கொண்டார். யோசித்துப் பார்த்து அவள் இயற்கை அனர்த்தத்தைத் தெரிவுசெய்தாள்.

பிறகுதான் அவர் குரலைத் தாழ்த்தி, தர்மலிங்கத்தைக் கொன்றது மகன் என்று சொன்னார். கொழும்பிலிருந்து வந்த விடைத்தாளில் அப்படித்தான் இருக்கிறதாம். வினா ஏதோ ஒரு வெளிநாட்டுப் புத்தகத்திலிருந்து முதலில் ஒரு பாஷைக்கும் அதிலிருந்து தமிழுக்கும் வந்தது. பெயரை மட்டும் தர்மலிங்கம் என்று மாற்றி ஆளை நம்மவர் ஆக்கியிருந்தார்கள்.

"மகன் எப்பிடி சேர் அந்த வீட்டில இரிப்பான்? கலியாணம் முடிச்ச மகன். நீங்களே மாமிட வீட்டிலதானே இரிக்கிங்க?"

தங்கராசா கோபிக்கவில்லை. மேசையில் இருந்த பெயர்ப்பலகையைத் தொட்டுக் காட்டினார்.

"தங்கச்சி, வீட்டில நான் மருமகன். இந்தக் கதிரையில நான் பணியகம். பணியகம் ஒருத்தர்ட வீட்டிலயும் போய் இரிக்கல்ல."

அவருடைய பேச்சில் ஒரு ஒழுங்கு இருந்தது என்பதைக் கம்சாயினியும் ஒப்புக்கொண்டாள். சரி என்று, மட்டக்களப்பு வழக்கத்தை விளக்கி ஓர் ஆட்சேபனை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொள்கிறோம் என்று அவளுக்கு அப்போது தெரியாது.

அடுத்த மாதம் அழைப்பு வந்தது. மீள்பரிசீலனைக்கு அல்ல, பரீட்சை மோசடி விசாரணைக்கு. மற்ற மாவட்டங்களில் அந்த வினாவுக்கான விடைகள் நாலு பக்கமும் சிதறிக் கிடக்க, மட்டக்களப்பு மாவட்டத்தில் எழுதிய அத்தனை பேரும் மருமகன் என்றே எழுதியிருந்தார்கள். ஆட்சேபனையால் விழித்துக்கொண்ட பணியகம் இதைக் கண்டுபிடித்துவிட்டது. அத்தனை பேரும் ஒரே பிழையை விட்டால் பிழை முன்கூட்டியே வெளியாகியிருக்கவேண்டும் என்பது அவர்கள் முடிவு. ஆட்சேபனை எழுதியவள் என்பதால் முதல் சந்தேகநபர் கம்சாயினி. அவளுக்குப் பின்னால் இருந்தவள் என்பதால் இரண்டாவது முப்லிஹா.

விசாரிக்கக் கொழும்பிலிருந்து வந்தவர் கலாநிதி குணநாயகம். பணியகத்தின் தர்க்கத்துறைப் பணிப்பாளர். வினாவைத் தெரிவுசெய்தவரும் அவர்தான். ஆகவே அதை விசாரிக்கத் தகுதி அவருக்கே இருந்தது. குளிரூட்டி வேலை செய்யாத அறையில் கோட் போட்டு வியர்த்துக்கொண்டிருந்த அவர், தொடங்குமுன் எழுந்து நின்று ஒரு சிற்றுரை ஆற்றினார்.

"இப்பரீட்சையில் தமிழ்ப் பரீட்சார்த்திகளும் முஸ்லிம் பரீட்சார்த்திகளும் ஒரே விடையை அளித்துள்ளனர். இவ்விரு சமூகத்தவரும் ஒரு விடயத்தில் ஒருமித்ததாகப் பணியகத்தின் பதிவுகளில் இதற்குமுன் எதுவும் இல்லை. எனவே இது இயல்பாக நடந்திருக்க முடியாது. யாரோ பேசி வைத்திருக்கிறார்கள். இதற்குப் பெயர்தான் தர்க்கம். தர்க்கத்துக்கு ஊர் இல்லை, உறவு இல்லை, வழக்கம் இல்லை."

யாரைப் பார்த்து எழுதினாய் என்று முதலில் முப்லிஹாவைக் கேட்டார்.

"ஒருத்தரையும் பாக்கல்ல சேர். வீட்டப் பாத்துத்தான் எழுதின. எங்கட வாப்பாட வீட்டில மருமகன்தானே இரிக்காரு."

பரீட்சை மண்டபத்திலிருந்து ஓட்டமாவடி வீடு தெரியுமா என்று அவர் தங்கராசாவிடம் கேட்டார். தெரியாது என்றார் தங்கராசா. பொய் வாக்குமூலம் என்று பதிவாகியது. பிறகு கம்சாயினியின் முறை வந்தது. வீட்டில் மருமகன் வசித்தார் என்று வினாவில் எங்கே இருக்கிறது, காட்டும்படி கேட்டார். இல்லை என்றாள், மகன் வசித்தார் என்றும்தான் அதில் இல்லை என்றாள்.

"மகன் வசிப்பான். மகன் என்றால் வசிப்பான்."

"எங்கட பக்கத்தில வசிக்கமாட்டான் சேர்."

கலாநிதி பேனாவை எடுத்தார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "அப்படியானால் கொலை உங்கள் பக்கத்தில் நடந்தது என்று சொல்கிறீர்கள்."

கம்சாயினி வாயைத் திறப்பதற்குள் அது எழுத்தாகிவிட்டது. கொலை மட்டக்களப்பு மாவட்டத்தில் நடந்ததாகப் பரீட்சார்த்தி ஒப்புக்கொண்டார். இறந்தவரின் வீட்டில் யார் வசித்தார் என்பதையும் அறிந்திருக்கிறார். இவற்றை இதுவரை பொலிசுக்கு அறிவிக்கவில்லை. கையெழுத்துப் போடாவிட்டால் மாவட்டத்தின் றிசல்ட் முழுவதும் நிறுத்தப்படும் என்றார்கள். போட்டாள்.

இனி அவள் செய்யவேண்டியது சின்ன வேலைதான். தர்மலிங்கத்தின் மருமகன் அந்த வீட்டில்தான் வசித்தார் என்று கிராம சேவகரிடமிருந்து ஒரு வதிவிடச் சான்றிதழும், கொலை பற்றிப் பொலிஸ் அறிக்கையும் கொண்டுவந்தால் அவளுடைய விடை பரிசீலிக்கப்படும். புள்ளி கிடைத்தாலும் கிடைக்கலாம். அந்தக் 'கிடைத்தாலும்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு அவள் அலையத் தொடங்கினாள்.

கிராம சேவகர் நல்ல மனிதர். வாக்காளர் இடாப்பில் இல்லாத ஒரு மருமகனுக்கு எப்படிச் சான்றிதழ் கொடுப்பது என்று வருத்தப்பட்டார். அப்படியானால் அப்படி ஒருவர் இல்லை என்றாவது எழுதித் தாருங்கள் என்றாள். அதுவும் முடியாதாம், இல்லாத ஆள் நாளைக்குப் பதிய வந்து நின்றால் என்ன செய்வது. பொலிசில் அவளை வாங்குப் பலகையில் இருத்தி, நீங்கள் இறந்தவருக்கு என்ன முறை என்று கேட்டார்கள். ஒரு முறையும் இல்லை என்றாள். உறவில்லாதவர் முறைப்பாடு செய்ய ஏலாது, பெண்சாதியை வரச்சொல்லுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

இதற்கிடையில் தபால் கந்தோரில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற ஒரு தர்மலிங்கம் உண்மையாகவே நாவற்குடாவில் இருப்பது தெரியவந்தது. கந்தோருக்குக் கந்தோர் கடிதம் போனதில் எங்கேயோ அவருடைய பென்சன் நிறுத்தப்பட்டுவிட்டது. கொலையானவருக்குக் கொடுப்பனவு செய்ய முடியாது என்று பதில் வந்ததாம். கிழவர் குடையும் கையுமாகக் கம்சாயினி வீட்டுப் படலையில் வந்து நின்றார்.

"புள்ள, நான் சாகல்ல. எனக்கு மருமகனும் இல்ல. பொம்புளப் புள்ளயே இல்ல. இத ஆருட்டப் போய்ச் சொல்ற?"

அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, உயிரோடு இருப்பதாக ஒரு விண்ணப்பமும் நிரப்பிக் கொடுத்தாள். அதற்குக் காசு வாங்க அவளுக்கு மனம் வரவில்லை.

வைகாசி போய் ஆனி வந்தது. ஏஜென்சிக்காரன் இப்போது ஏசத் தொடங்கியிருந்தான். மதுரன் அவளை ஏசமாட்டான். கராச்சிலிருந்து வந்து கை கழுவும்போது, இண்டைக்கு என்னவாம் என்று மட்டும் கேட்பான். அவள் சொல்லச் சொல்லச் சிரிப்பான். பிறகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாவிப் பக்கம் போய்விடுவான். அந்தச் சிரிப்பு அவளுக்குத் தாங்கமுடியாமல் இருந்தது. இந்த மனிசனை ஒரு புள்ளிக்காகப் பாலைவனத்துக்கு அனுப்பப்போகிறேனே என்று குசினிக்குள் நின்று அழுதிருக்கிறாள்.

ஆடியில் பணியகம் ஒரு நல்ல செய்தி சொன்னது. ஆவணங்கள் கிடைக்காத காரணத்தால் கள ஆய்வு நடத்தப்படும். மாமனாரும் மருமகனும் ஒரே வீட்டில் வசிப்பதாகச் சொல்லப்படும் ஒரு வீட்டைப் பணிப்பாளர் நேரில் பார்வையிடுவார். எந்த வீடு என்று கேட்க வேண்டியதில்லை.

அழகரத்தினத்திடம் ஒரு வெள்ளைச் சட்டை உண்டு. வாவியில் இறால் பிடிக்கிற மனிதருக்கு வெள்ளைச் சட்டை எதற்கு என்றால், அது விசாரணைச் சட்டை. பல வருடங்களுக்கு முன் அவருடைய தம்பி வேலாயுதத்தைத் தோணியோடு வைத்துப் பிடித்துக்கொண்டு போனார்கள். தோணி திரும்பி வந்தது, வேலாயுதம் வரவில்லை. அதற்குப் பிறகு காணாமல்போனவர்களை விசாரிக்க எத்தனையோ ஆணைக்குழுக்கள் வந்துவிட்டன. ஒவ்வொன்றுக்கும் அழகரத்தினம் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு போய், அதே கதையைச் சொல்லி, அதே இடத்தில் கைநாட்டு வைத்துவிட்டு வருவார். கள ஆய்வு என்றதும் கொடியில் கிடந்த சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

கலாநிதி குணநாயகமும் தங்கராசாவும் அளவுநாடா பிடிக்க ஒருவரும் வந்து இறங்கினார்கள். வீட்டுக் கதவுகள் உள்ளே தாழிடக்கூடியவையா என்று பார்த்தார்கள். தாழ்ப்பாள் ஒன்று இறுகிக் கிடந்தது. எண்ணெய் விடும்படி அறிவுறுத்தினார்கள். சமையற்காரனைக் கூப்பிடச் சொன்னார்கள். அப்படி ஒருவர் இல்லை என்று கம்சாயினி சொன்னதும், மாலையில் வீட்டுக்குப் போய்விட்டார் என்று குறித்துக்கொண்டார்கள். மதுரனைக் கூடத்தில் நிறுத்தி, மாமனாருடன் கருத்து வேறுபாடுகள் உண்டா என்று கேட்டார்கள்.

மதுரன் யோசித்தான். மாமனார் அவனோடு நேருக்கு நேர் கதைப்பதே குறைவு. மருமகனுக்குச் சோத்தப் போடு புள்ள என்று மகளிடம் சொல்லுவார், அவ்வளவுதான். "மாமாக்கு என்னோட கோவம் ஒண்டும் இல்ல சேர். ஆனா நான் மீன் பொரியல் கூடுதலாத் தின்னுறன் எண்டு ஒரு கத இரிக்கி."

நோக்கம் உண்டு என்று எழுதப்பட்டது.

பிறகு, சம்பவத்தை மீள நடத்திப் பார்க்கவேண்டும், இறந்தவர் படுக்கவேண்டும் என்றார் கலாநிதி. கம்சாயினி முன்னுக்கு வந்தாள். வேண்டாம் சேர், அப்பாவுக்கு வயசு போயிற்று என்று சொல்லப் பார்த்தாள். ஆனால் அழகரத்தினம் அதற்குள் பாயை எடுத்துக் கூடத்தின் நடுவில் விரித்துவிட்டார். வெள்ளைச் சட்டையோடு நீட்டி நிமிர்ந்து படுத்தார். கைகளை எங்கே வைப்பது என்று கேட்டார். அளவுநாடாக்காரன் அவருடைய தலையிலிருந்து கதவுக்கும், காலிலிருந்து மதுரனுக்கும் அளந்தான். தங்கராசா குனிந்து படம் எடுத்தார். கலாநிதி, தயவுசெய்து மூச்சை மெதுவாக விடுங்கள் என்றார்.

படுத்தபடியே அழகரத்தினம் கேட்டார்:

"ஐயா, இந்தத் தர்மலிங்கம் ஐயா செத்து எவ்வளவு காலம்?"

பரீட்சை மாசியில் நடந்தது என்றார் கலாநிதி.

"குடுத்து வச்ச மனிசன். ஆறு மாசத்துக்குள்ள கொழும்பில இருந்து வந்து பாய் விரிச்சுப் பாக்கிங்க. என்ட தம்பிக்கு இவ்வளவு காலத்தில ஒருத்தரும் அளவுநாடா கொண்டு வரல்ல. இருங்க எண்டுவாங்க, எழுதுவாங்க, போங்க எண்டுவாங்க. அந்த எடத்த வந்து பாக்கச் சொல்லி நான் எத்தின பேர்ட்டக் கேட்டன். தோணியில கூட்டிப் போறன் எண்டும் சொன்னன். ஒருத்தருக்கும் நேரமில்ல."

தங்கராசா படம் எடுப்பதை நிறுத்திவிட்டு நிலத்தைப் பார்த்தார். கலாநிதிக்கும் ஏதோ சொல்லத் தோன்றியிருக்கவேண்டும். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அது வேறு நிறுவனத்தின் விடயப்பரப்பு, பெரியவர். எங்கள் பொறுப்பு தர்க்கரீதியான கொலைகள் மட்டும்."

அழகரத்தினம் விளங்கியது போலத் தலையாட்டினார். எழும்பட்டுமா என்று கேட்டார். இன்னும் ஒரு படம் எடுக்க இருக்கிறது என்றார்கள். அதுவரை படுத்தே கிடந்தார். கம்சாயினி அவருடைய காலடியில் நின்று, அப்பா எழும்புங்க, அப்பா எழும்புங்க என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த வேலையும் வேண்டாம், புள்ளியும் வேண்டாம் என்று கத்தவேண்டும் போல இருந்தது. கத்தவில்லை. மதுரனின் கடவுச்சீட்டு அவள் கண்ணுக்கு முன்னால் நின்றது.

ஆவணி பிறந்தது. கம்சாயினிக்கு முப்பத்தைந்து முடிந்தது; இனி புதிதாக ஒரு பரீட்சை எழுத முடியாது, எழுதினதன் புள்ளி ஒன்றுதான் மிச்சம். அன்றைக்கு மதுரன் ஒரு சின்னக் கேக் வாங்கி வந்தான்; ஒருவரும் வயதைப் பற்றிப் பேசவில்லை.

புரட்டாதி பிறந்தும் பதில் வரவில்லை. ஏஜென்சிக்காரன் இதற்குமேல் பொறுக்கமாட்டேன் என்று பிளேன் ரிக்கற் போட்டுவிட்டான். மதுரனும் சரி என்றான். புள்ளி கிடைத்தால் அந்த நிமிடமே ரிக்கற்றைக் கிழித்தெறிவதாகக் கம்சாயினியிடம் சத்தியம் பண்ணினான். பயணத்துக்கு முதல்நாள் காலையில்தான் கந்தோரிலிருந்து அழைப்பு வந்தது. போனாள். கலாநிதி குணநாயகமும் வந்திருந்தார். இம்முறை அவருடைய முகம் மலர்ந்திருந்தது. அவளுக்குக் கதிரை கொடுத்தார்கள், குளிர்பானமும் வந்தது. இதெல்லாம் நல்லதுக்குத்தான் என்று ஒரு நொடி அவள் நம்பினாள்.

"உங்கள் ஆட்சேபனையைப் பணியகம் மிகுந்த அக்கறையுடன் ஆராய்ந்தது," என்று கலாநிதி தொடங்கினார். "மகனா, மருமகனா என்பதை இறுதியாகத் தீர்மானிக்க முடியவில்லை. ஆகவே வினா இரத்துச் செய்யப்பட்டது. இரத்தான வினாவுக்கு எல்லாப் பரீட்சார்த்திகளுக்கும் ஒரு புள்ளி வழங்கப்படும். பணியகம் யாரையும் பாரபட்சமாக நடத்துவதில்லை."

கம்சாயினி கதிரையின் நுனிக்கு வந்தாள். அப்படியானால் எனக்கு வெட்டுப்புள்ளி வந்துவிட்டதா சேர் என்று கேட்டாள்.

அவர் பொறுமையாக விளக்கினார். மகன் என்று எழுதி ஏற்கெனவே ஒரு புள்ளி பெற்றவர்கள் இருக்கிறார்கள். எழுதாதவர்களுக்கும் ஒரு புள்ளி, அவர்களுக்கும் அதே ஒரு புள்ளி என்றால் அது அவர்களுக்கு அநீதி. ஆகவே அவர்களுடைய பழைய புள்ளி அப்படியே இருக்க, இன்னொரு புள்ளி கூட்டப்பட்டது. நாட்டில் முதலாமிடம் பெற்றவருக்கு இப்போது நூற்றுக்கு நூற்றியொரு புள்ளி. எல்லாருக்கும் ஒன்று கூடியபடியால் வெட்டுப்புள்ளியும் ஒன்று கூடியது.

"அப்ப எனக்கு?"

"உங்களுக்கு வெட்டுப்புள்ளிக்கு ஒரு புள்ளி குறைவு." அவர் உண்மையிலேயே சந்தோசமாகச் சிரித்தார். "ஆனால் நீங்கள் கேட்ட புள்ளி கிடைத்துவிட்டதல்லவா? அதற்காகத்தானே இவ்வளவு பாடுபட்டோம்."

வயதெல்லை தாண்டிவிட்டபடியால் மேன்முறையீடு செய்யும் சிரமமும் அவளுக்கு இல்லை என்று தங்கராசா மெல்லிய குரலில் சொன்னார். வாசல்வரை அவளோடு வந்தார். செருப்பைப் போடும்போது, தங்கச்சி, நானும் வீட்டில மருமகன்தான், என்ட மனசுக்குத் தெரியும் என்றார். கம்சாயினி படியிறங்கி நடந்தாள். ஆத்திரப்படுவதற்குக்கூட அவளிடம் தென்பு இருக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது முற்றத்தில் அழகரத்தினம் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். கூடத்தில் மதுரனின் பயணப்பை வாய் திறந்து கிடந்தது. அவளுடைய முகத்தைப் பார்த்ததும் மதுரன் உள்ளே போய், மடித்து வைத்திருந்த, வீட்டில் உடுக்கிற இரண்டு சாரங்களையும் எடுத்து வந்து பைக்குள் வைத்தான். அவ்வளவு நாளும் அவற்றை மட்டும் அவன் வைக்காமல் விட்டிருந்தான்.

அழகரத்தினம் ஊசியை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"என்ன புள்ள, கொலை செஞ்சது ஆராம்?"

"ஒருத்தரும் இல்லயாம் அப்பா. கேள்விய இரத்தாக்கிட்டாங்க."

"அப்ப செத்த ஆள்?"

"அவர் செத்தது செத்ததுதானாம். எல்லாருக்கும் ஆளுக்கொரு புள்ளி குடுத்திட்டாங்க."

அவர் தலையாட்டினார். ஆச்சரியப்பட்ட மாதிரித் தெரியவில்லை. "எங்களுக்கும் அப்பிடித்தான். என்ட தம்பிக்கு ஒரு மரணச் சான்றிதழ் தந்தாங்க. இனி வராதீங்க எண்டாங்க. மறுகா அவங்களே வரச்சொன்னாங்க."

பிறகு மெதுவாக எழும்பினார். மருமகன் உள்ளே பயணப்பையின் வாயை இழுத்து மூடிக்கொண்டிருந்தான். அழகரத்தினம் கொஞ்சநேரம் வாசலில் நின்று அவனைப் பார்த்தார். மருமகன், கவனமாப் போய் வாங்க என்று அவனிடமே நேராகச் சொன்னார். அதற்குமுன் அவனிடம் நேராக அவ்வளவு பேசியதில்லை. மதுரன் ஓம் மாமா என்றான்.

அவர் கொடியில் கிடந்த வெள்ளைச் சட்டையை எடுத்தார். பாயில் படுத்ததில் முதுகுப்பக்கம் அழுக்குப் பிடித்திருந்தது. அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு மகளின் கையில் கொடுத்தார்.

"இதக் கழுவி வை புள்ள. அடுத்த விசாரணைக்கு வேணும்."